அங்கமுத்து சாய்த்த கழி

மூன்று மைல் வெட்டவெளி. மரமில்லை, கல்லில்லை, ஒதுங்க ஒரு புதர்கூடக் கிடையாது. நட்டநடுவில் ஒரே ஒரு கழி. அதில் போய் ஒரு மனுஷன் பைக்கை மோதினான் என்றால் யார் நம்புவார்கள்? சுண்ணாம்புக்குளத்துப் பக்கம் நம்புவார்கள். அங்கமுத்து மூன்று தடவை மோதிக் காட்டியிருக்கிறான்.

கோடையில் பழவேற்காடு ஏரியின் அந்த மூலை வற்றிவிடும். தரை இறுகியதும் குப்பத்திலிருந்து ஆரம்பாக்கத்துக்கு நேராக ஒரு பைக் தடம் விழும். சாலையில் சுற்றினால் பஸ் மாறிப் போக ஒன்றரை மணி நேரம். ஏரித்தரையில் இருபது நிமிஷம். நடுவில் நிற்பது இரண்டு குப்பங்கள் மீன் பிடிக்கும் பரப்பைப் பிரிக்கும் எல்லைக் கழி, நல்ல வைரம் பாய்ந்த பனை. அதைத் தொட்டால் பஞ்சாயத்து கூடும் என்று யாரும் கிட்டே போவதில்லை. அங்கமுத்து மட்டும் போனான்.

அவன் மனைவி செவ்வந்திக்கு அந்த முதல் நாள் இன்றைக்கும் அப்படியே இருக்கிறது. பட்டன் டயர் போட்ட பழைய பைக்கை வாங்கி வந்த புதிது. காலையில் நண்டுக் கூடையை ஆரம்பாக்கத்தில் ரயிலேற்றிவிட்டுத் திரும்பினார்கள். பின்னால் அவள், மடியில் இரண்டு கிலோ தக்காளி. கழி தூரத்தில் தெரிந்ததுமே அவன் கழுத்து விறைத்ததைப் பார்த்தாள். அடுத்த நிமிஷம் கழி ஒரு பக்கம் சாய்ந்திருந்தது, பைக் இன்னொரு பக்கம், சாம்பல் நிறத் தரை முழுக்கத் தக்காளி உருண்டுகொண்டிருந்தது. அடிபட்டதா என்று கேட்க வேண்டியவள், வயிறு வலிக்கச் சிரித்தாள். அவன் மூஞ்சியைத் தூக்கிவைத்துக்கொண்டு ஒவ்வொரு தக்காளியாகத் துடைத்து எடுத்தான்.

"கழிய விட்டு கண்ணையே எடுக்கலியே நானு. அப்புறம் எப்படி இடிச்சேன்?" என்றான்.

கண்ணை எடுக்காததுதான் கோளாறு என்று அவளுக்கு மூன்றாம் தடவைதான் புரிந்தது. அவன் படகுக்காரன். படகில் கழியைத் தாண்டும்வரை அதன்மேல் கண் வைத்திருக்க வேண்டும். காற்று எந்தப் பக்கம் தள்ளுகிறது என்று பார்த்துக் கோலை ஊன்ற வேண்டும். பைக்குக்கு அந்த நியாயம் ஒத்துவராது. பார்த்த இடத்துக்கே முகம் திரும்பும், தோள் திரும்பும், ஹேண்டில்பாரும் திரும்பும்.

செவ்வந்தியின் வீட்டில் படகே கிடையாது. பிறந்த வீட்டுச் சனம் மொத்தமும் இறாலைக் கையால் தடவிப் பிடிப்பவர்கள். இடுப்பளவுத் தண்ணீரில் உட்கார்ந்து, இறாலைப் போடும் பறியின் கயிற்றைப் பல்லில் கடித்துக்கொண்டு, சேற்றைத் துழாவிக்கொண்டே நகர்வார்கள். வேலையெல்லாம் விரலுக்கு. கண் சும்மா கிடக்கும். அது பாட்டுக்குத் தூரத்துக் கரையைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

நாலாம் தடவை கழி நெருங்கியபோது அவள் பின்னாலிருந்து கையை நீட்டி, புருஷன் தாடையைப் பிடித்து, ஆரம்பாக்கத்துத் தண்ணீர் டேங்க் பக்கம் திருப்பிவிட்டாள். பைக் டேங்க்கைப் பார்த்து அழகாக ஓடியது. அதன்பிறகு நாலு கோடை அப்படித்தான் போனார்கள். கழி கிட்டே வந்தால் தாடையைத் திருப்புவது, தாண்டினால் விடுவது. குப்பமே கேலி பண்ணியது. தாடையில் எண்ணெய் தடவி வை, திருப்பச் சுலபமாக இருக்கும் என்று பக்கத்து வீட்டுத் திரௌபதி சொன்னாள்.

ஐந்தாம் கோடையில் செவ்வந்தி புடவைக்கு மேல் அவன் சட்டையை மாட்டிக்கொண்டு முன்னால் உட்கார்ந்துவிட்டாள். தடத்தில் உப்புப் பூத்து வெளுத்த இடம் இறுகினதுபோல் இருக்கும், கீழே களிச்சேறு. அதைப் பார்க்கவும் கூடாது, பிரேக் பிடிக்கவும் கூடாது. இரண்டாம் கியரில் கண்ணை டேங்க்கில் வைத்து ஒரே சீராகப் போக வேண்டும். ஏழு கோடை ஓட்டினாள், ஒரு நாள் விழுந்ததில்லை. அங்கமுத்து பின்னால் கூடையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, படகில் கூவுவதுபோலக் கழிக்குக் காவல் இருந்தான்.

"தோ வருது. தோ வருது. போச்சு."

அந்தப் 'போச்சு'தான் கழியைத் தாண்டியாயிற்று என்பதற்கு அடையாளம். அவள் ஒருநாளும் திரும்பிப் பார்த்ததில்லை. வாயை மூடிக்கிட்டு வர முடியாதா என்று தினமும் திட்டுவாள். அவன் மூடவே இல்லை.

போன கார்த்திகையில் மூடினான். மார்வலி என்று படுத்தவன் விடிவதற்குள் போய்விட்டான்.

இந்தக் கோடையில் ஏரி வற்றியும் செவ்வந்தி பைக்கை எடுக்கவில்லை. பஸ்ஸில் சுற்றினாள், ரயில் நிலையம் சேருவதற்குள் பாதி நண்டு செத்தது. திரௌபதியோடு சேர்த்து ஏழு பெண்கள் சேற்றில் கிடந்து பிடித்து அவளிடம் கொடுத்தனுப்பிய நண்டு. வேன்காரன் ஒருவன் வந்து, இனி தன்னிடமே போடச் சொல்லிவிட்டுப் போனான். திரௌபதி சுற்றி வளைக்காமல் கேட்டாள்.

"நாளைக்கு ஏரில போறியாக்கா, இல்ல அவங்கிட்டயே குடுத்துடட்டுமா?"

போறேன் என்றாள் செவ்வந்தி. இந்த வேலையும் கைவிட்டுப் போனால் காலையில் எழுந்து என்ன செய்வது என்று அவளுக்குப் பயமாக இருந்தது.

மறுநாள் காலை கூடையைப் பின்சீட்டில் கயிற்றால் கட்டிக்கொண்டு கிளம்பினாள். அதே தடம், அதே டேங்க். கண்ணை அங்கேயே வைத்திருந்தாள். பாதித் தூரம் வந்திருப்போம் என்று தோன்றியது. பின்னால் சத்தமே இல்லை. தாண்டியாயிற்றா, இன்னும் வரவில்லையா? சொல்ல ஆளில்லையே என்று ஒரே ஒரு தடவை பார்த்தாள். பத்துப் பன்னிரண்டு வருஷமாக அவன் சாய்த்த சாய்விலேயே கழி நின்றிருந்தது. கண்ணை எடுக்க முடியவில்லை. தாடையைத் திருப்ப யாரும் இல்லை.

நேராகப் போய் மோதினாள்.

பெரிய அடி இல்லை, முழங்கை சிராய்த்தது. கொடுக்கு கட்டிய நண்டுகள் தரையில் கொட்டி, இருக்கிற காலால் நாலாபக்கமும் நகர்ந்தன. செவ்வந்தி களியில் உட்கார்ந்தபடி முதலில் சிரித்தாள். அப்புறம், கார்த்திகையில் ஊர் பார்க்க அழாத அழுகையை வாய்விட்டு அழுதாள். கண்ணையே எடுக்கவில்லை என்று அவன் சொன்னது எவ்வளவு சத்தியம். தெரியாமல் அத்தனை வருஷம் கேலி பண்ணியிருக்கிறாள்.

ரயில் நினைவு வந்தது. நண்டுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் கூடையைக் கட்டினாள். பைக்கை நிமிர்த்தும்போதுதான் கழியைக் கவனித்தாள். ஆரம்பாக்கத்திலிருந்து திரும்பி வரும்போது அவன் இடித்துச் சாய்ந்த கழி, இப்போது எதிர்ப்பக்கமிருந்து அவள் இடித்ததில் நிமிர்ந்து நின்றது. புதிதாக நட்டதுபோல, அங்கமுத்து என்று ஒருத்தன் அந்தப் பக்கம் வந்ததே இல்லை என்பதுபோல நின்றது.

நேரமில்லைதான். ஆனாலும் பைக்கை ஸ்டாண்டில் போட்டுவிட்டுச் சுற்றி வந்தாள். கழியில் தோளைக் கொடுத்து, காலைக் களியில் ஊன்றி, மூச்சைப் பிடித்துத் தள்ளினாள். இரண்டு தரம் அசையவில்லை. மூன்றாம் தரம் பழைய இடத்துக்குச் சாய்ந்தது. தள்ளி நின்று பார்த்து, இன்னும் கொஞ்சம் என்று தோன்றி, இன்னும் கொஞ்சம் தள்ளினாள்.

பிறகு கிக்கரை உதைத்து, கண்ணை டேங்க்கில் வைத்தாள். பத்தடி போனதும், "போச்சு" என்று தானே சொல்லிக்கொண்டாள்.