முத்திரை வைத்த உறைக்குள் ஒரு குரல்

1. ராசிபுரம் சாலையில் ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டியும் ஒரு லாரியும் மோதின. ரிக் ஓட்டுநர் இறந்தார்.
2. ஓட்டும்போது அவர் போன் பேசினாரா என்று அறிய, அவருடைய உடைந்த போன் முத்திரை வைத்த உறையில் சேலத்தில் உள்ள எங்கள் தடய அறிவியல் ஆய்வகத்துக்கு வந்தது.
3. நான் உறையைப் பிரித்துப் போனில் இருந்தவற்றைப் பிரதி எடுத்தேன். மனைவிக்கு அவர் அனுப்பிய குரல் பதிவுகளும் அதில் இருந்தன.
4. மறு வாரம் அந்த மனைவி பஸ் ஏறி வந்தார்.

வரவேற்பறையில் அவர் உட்காரவில்லை.

“ஏனுங்க மேடம், அவரு பேசுனதெல்லாம் அதுல இருக்குதுங்களா? என்ற போனு தண்ணித் தொட்டில உழுந்து எல்லாமே போயிருச்சுங்க.”

“அதை நான் சொல்லக் கூடாதுங்க அக்கா. அறிக்கை கோர்ட்டுக்குத்தான் போகும். போன்ல இருக்கறதோட நகல் வேணும்னு அங்க ஒரு மனு குடுங்க.”

“நானென்ன கேஸையா கேக்கறன் அம்மணி? அவரு இருந்தப்ப, ‘மெதுவாப் பேசுய்யா, காது கிழியுது’ன்னு போன வெச்சுருவனுங்க. இப்ப அந்தக் கத்தல்தான் வேணுமுங்க.”

சொல்லிவிட்டு அவரே சிரித்தார். பிறகு முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டார். மனுவில் என்னென்ன எழுத வேண்டும் என்று ஒரு தாளில் வரிசையாக எழுதிக் கொடுத்தேன். அதை நான்காக மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, “வாரேன் சாமி” என்று கிளம்பினார்.

கடைசிப் பதிவு ஒன்பது விநாடி. அது அனுப்பப்பட்ட நேரத்தைக் குறிப்பதுதான் என் வேலை. அதற்குக் கேட்கவே தேவையில்லை. நான் நான்கு முறை கேட்டேன். என்ன பேசினார் என்பதை இங்கும் எழுத மாட்டேன். சத்தமாகத்தான் பேசினார், அக்கா சொன்னது சரி.

என் அப்பா இறந்தபோது எங்கள் வீட்டில் பட்டன் போன்தான் இருந்தது. அவர் குரல் எதிலும் பதிவாகவில்லை. எப்படி இருமுவார் என்பது நினைவிருக்கிறது. என் பெயரை எப்படிக் கூப்பிடுவார் என்பது இப்போதெல்லாம் சரியாக வருவதில்லை. ஒன்பது விநாடி கிடைத்தால் எனக்குப் போதும்.

அறிக்கை போய்விட்டது. போன் மறுபடி முத்திரையிடப்பட்டு நீதிமன்றத்தில் இருக்கிறது. அக்கா மனு கொடுத்துவிட்டார். இன்னும் உத்தரவு வரவில்லை.