ஆறு மீட்டரில் சிக்கிய ஓட்டக்காரி

ஆறு வருடங்களுக்கு முன்பு, ஒரு மாசி மாதம். சம்பா அறுவடை முடிந்து, வைக்கோல் ஏற்றிய டிராக்டர்கள் ரோட்டை அடைத்துக்கொண்டு போகிற நேரம். தஞ்சாவூரில் ஓர் உள்விளையாட்டு அரங்கில் நடந்த பெண்கள் கபடி முகாமில் போய்ச் சேர்ந்தேன். எனக்கு அப்போது இருபத்தாறு வயது. அதுவரை கபடியைக் கோட்டுக்கு வெளியே நின்று பார்த்ததோடு சரி.

நான் நானூறு மீட்டர் ஓட்டக்காரி. வலங்கைமான் பக்கம் ஒரு கிராமம். பள்ளியில் தொடங்கிய ஓட்டம் மாநிலத் தங்கம் வரைக்கும், அகில இந்தியப் போட்டியில் ஒரு வெண்கலம் வரைக்கும் என்னைக் கொண்டுபோனது. அதன் பிறகு இரண்டு வருடமாக என் நேரம் அப்படியே நின்றுவிட்டது. என்ன பயிற்சி செய்தும் அரை நொடிகூடக் குறையவில்லை. என்னைவிடச் சின்னப் பெண்கள் கடைசி வளைவில் என்னைத் தாண்டிப் போக ஆரம்பித்தார்கள்.

அந்த நேரத்தில்தான் ஒரு கபடிப் பயிற்சியாளர் போன் செய்தார். புதிதாக உருவாகும் ஒரு தனியார் அணிக்கு ஆள் தேடிக்கொண்டிருந்தார். எல்லோரும் அவரை மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள்.

"கபடிய நாங்க கத்துக் குடுத்துக்குறோம்மா. உங்க வேகத்த யாருக்கும் கத்துக் குடுக்க முடியாது. வாங்க."

எனக்கும் அது நியாயமாகப் பட்டது. நானூறு மீட்டரை ஒரே மூச்சாக ஓடுகிறவளுக்கு ஆறு மீட்டர் ஒரு தூரமா? பெண்கள் கபடியில் எதிரணியின் பாதி மைதானம் அவ்வளவுதான். உள்ளே போய் யாரையாவது தொட்டுவிட்டுத் திரும்பி ஓடிவர வேண்டும். ஓடுவதுதானே என் வேலை!

முதல் நாள் ஒன்பது தடவை அப்படி ரெய்டு போனேன். ஒன்பது தடவையும் பிடிபட்டேன்.

இரண்டாம் நாளும் அதே கதை. பிளஸ் டூ படிக்கும் பெண்கள்கூட என்னைக் கோழி பிடிப்பதுபோலப் பிடித்துப் போட்டார்கள். அவமானமாக இருந்தது. ஆனால் அதைவிட, இது ஏன் நடக்கிறது என்கிற குழப்பம்தான் பெரிதாக இருந்தது. அங்கிருந்த எல்லோரையும்விட நான் வேகம். பிறகு எப்படி எல்லோரிடமும் மாட்டுகிறேன்?

அந்த முகாமில் திருத்துறைப்பூண்டி பக்கத்திலிருந்து வந்த ஒருத்தி இருந்தாள். என் வயதுதான். கல்யாணமாகி ஐந்து வயதில் ஒரு மகள். அவள் கணவர் அறுவடை மெஷின் ஓட்டுகிறவர். அறுத்த வயல்களில் நடக்கும் ஊர்க் கபடியில் ஆடி ஆடி வளர்ந்தவள், இடது ஓரத்தில் நின்று கணுக்காலைப் பிடிப்பதில் அவளை மிஞ்ச ஆளில்லை. குழந்தை பிறந்த பிறகு திரும்பி வந்திருந்தாள். அணிக்கு முதல் ஆளாக அவள் பெயர்தான் வரும் என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள்.

என்னை அதிக தடவை பிடித்ததும் அவள்தான். சாப்பாட்டு நேரத்தில் அவளிடமே போய்க் கேட்டேன்.

"நான் எங்க போறேன்னு உனக்கு எப்படிடி தெரியுது?"

"நீதான் சொல்லிட்டு வர்றியே," என்று சிரித்தாள். "தோள் முன்னாடி வருது, கண்ணு நேரா கடைசிக் கோட்டப் பாக்குது. எங்கள நீ பாக்கவே இல்ல. நாங்க ஏழு பேரு அங்க நிக்குறோம்டி!"

வெளியே நின்ற ஒருத்தி செல்போனில் எடுத்த வீடியோவை அவள் காட்டினாள். உண்மைதான். ஏழு பேர் நடுவில் நான் ஆளில்லாத ரோட்டில் போகிறவள்போலப் போய்க்கொண்டிருந்தேன். இன்னொன்றும் தெரிந்தது. நான் ஓர் எட்டு எடுத்து வைத்தால் இரண்டு மீட்டர். மூன்று எட்டு வைப்பதற்குள் மைதானமே முடிந்துவிடுகிறது. எனக்கு முழு வேகம் வர முப்பது, நாற்பது மீட்டராவது வேண்டும். அங்கே என் வேகம் பிறப்பதற்கே இடமில்லை.

அதற்குப் பிறகு எங்கள் இரண்டு பேருக்கும் இது ஒரு விளையாட்டாகிவிட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, பக்கத்தில் இருந்த ஓடுபாதைக்கு அவளை இழுத்துக்கொண்டு போனேன். "நீ நானூறு ஓடிக் காட்டு, பாப்போம்." பக்கத்துப் பாதையில் நானும் ஓடினேன். நேராகப் பார், திரும்பாதே என்று மூன்று தடவை சொல்லியிருந்தேன். ஐம்பது மீட்டர்கூடப் போகவில்லை, இடது பக்கம் பார்த்தாள், வலது பக்கம் பார்த்தாள், பின்னால்கூடத் திரும்பிப் பார்த்தாள்! இருநூறைத் தாண்டியதும் நின்றுவிட்டாள்.

"முடியலடி. மூச்சு இல்ல. அதுவுமில்லாம, இவ்ளோ தூரம் யாரும் பிடிக்க வராம ஓடுறது ஒரு மாதிரி பயமா இருக்கு."

இரண்டு பேரும் பாதையிலேயே உட்கார்ந்து சிரித்தோம். ஊரே பாராட்டிய இரண்டு ஆட்டக்காரிகள், பக்கத்து மைதானத்துக்குப் போனால் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள்!

மூன்றாவது வாரத்தின் கடைசியில் தேர்வு ஆட்டம். எங்களையே இரண்டு அணியாகப் பிரித்தார்கள். நானும் அவளும் ஒரே பக்கம். தடுக்கும்போது ஓரத்தில் நிற்கிறவளும் பக்கத்தில் நிற்கிறவளும் கை கோத்துக்கொள்வது வழக்கம். கோத்த கைதான் பேசும். ஒரு தடவை அழுத்தினால், "நீ நில்லு, நான் போறேன்" என்று அர்த்தம். இதை அவள் எனக்கு நூறு தடவையாவது பழக்கியிருப்பாள்.

எதிரணிப் பெண் ரெய்டு வந்தாள். யாரையும் தொடாமல் நடுக்கோட்டை நோக்கித் திரும்பினாள். பக்கத்தில் கை கோத்து நின்ற திருத்துறைப்பூண்டிக்காரி என் கையை அழுத்தினாள். அந்த அழுத்தம் எனக்குத் தெரிந்தது. அர்த்தமும் புரிந்தது. ஆனால் என் கண் முன்னால் ஒருத்தி முதுகைக் காட்டி ஓடுகிறாள். பத்து வருடமாக என் உடம்புக்கு அதற்கு ஒரே ஒரு பதில்தான் தெரியும். துரத்திக்கொண்டு ஓடிவிட்டேன்.

அதே நொடியில் அவள் கீழே பாய்ந்து அந்தப் பெண்ணின் கணுக்காலைப் பிடித்திருந்தாள். எனக்கு நிற்கத் தெரியவில்லை. நீட்டிக் கிடந்த அவள் முழங்கால் மேல் என் முழு எடையோடு விழுந்தேன். காய்ந்த குச்சி முறிவதுபோல ஒரு சத்தம். அவள் கத்தவில்லை. வாயைத் திறந்தபடி மேலே கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த முகத்தை என்னால் இன்னும் மறக்க முடியவில்லை.

தசைநார் கிழிந்துவிட்டது என்றார் டாக்டர். ஆபரேஷன். மறுபடி ஆடுவதற்கு ஒரு வருடம் ஆகலாம், ஆடாமலும் போகலாம்.

மறுநாள் அணிப் பட்டியல் வந்தது. அதில் என் பெயர் இருந்தது. அவள் பெயர் இல்லை.

மாஸ்டரிடம் போய் நின்றேன். "வேகம் இருக்கும்மா. மத்ததெல்லாம் ஒரு சீசன்ல வந்துடும். கையெழுத்துப் போடுங்க," என்றார். போடவும் முடியவில்லை, வேண்டாம் என்று சொல்லவும் மனம் வரவில்லை. பொய் சொல்வானேன், அந்த ஒப்பந்தம் எனக்கு வேண்டியிருந்தது. நாலு நாள் அவகாசம் கேட்டுவிட்டு ஊருக்கு வந்தேன்.

மூன்றாம் நாள் திருவாரூர் போய் பஸ் மாறி அவள் வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்த அவள் கணவர் "வாங்க" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். அவள் காலை ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் நீட்டி வைத்து உட்கார்ந்திருந்தாள். நான் மன்னிப்புக் கேட்டேன். அவள் அதைக் காதில் வாங்கிக்கொண்ட மாதிரியே தெரியவில்லை. காலை நாற்காலியில் சரிசெய்து வைத்துக்கொண்டு கேட்டாள்.

"நேரா ஒண்ணு கேக்குறேன். நான் கைய அழுத்துனது உனக்குத் தெரிஞ்சுதா, இல்லையா?"

தெரியவில்லை என்று சொல்லியிருந்தால் சுலபமாகப் போயிருக்கும்.

"தெரிஞ்சுது."

"அப்புறம் ஏன்டி போனே?"

"தெரிஞ்சப்போ நான் ஏற்கெனவே போயிட்டேன்."

அவள் என்னையே பார்த்தாள். திட்டப் போகிறாள் என்று நினைத்தேன். அவள் முகத்தில் கோபம் இருந்தது, கூடவே வேறு ஏதோ யோசனையும் ஓடியது.

"அன்னைக்கு ட்ராக்ல திரும்பாதன்னு நீ சொன்னது எனக்கு ஞாபகம் இருந்துச்சு," என்றாள் மெதுவாக. "திரும்புனதுக்கு அப்புறம்தான் ஞாபகம் வந்துச்சு."

அவள் மகள் வந்து அம்மாவின் கட்டுப்போட்ட காலைத் தொட்டுப் பார்த்துவிட்டு ஓடினாள்.

"டீம்ல சேரப் போறியா?" என்றாள்.

"தெரியல."

"இப்படியே போனா இன்னொருத்தி முட்டியயும் எடுத்துருவே. நிக்கக் கத்துக்கிட்டுப் போ. இல்லன்னா போகாத."

அவள் அன்பாக அதைச் சொல்லவில்லை. அதனால்தான் நம்பினேன். மாஸ்டருக்குப் போன் செய்து ஒரு வருடம் பழகிவிட்டு வருகிறேன் என்றேன். "அணி காத்திருக்காதும்மா," என்றார். காத்திருக்கவும் இல்லை.

முழங்காலைச் சுற்றியுள்ள தசையை எப்படி மீட்டெடுப்பது என்பது ஓட்டக்காரிகளுக்குத் தெரிந்த விஷயம். டாக்டர் சொன்ன பயிற்சிகளைச் செய்யவைக்க ஞாயிறுதோறும் அவள் ஊருக்குப் போனேன். ஆரம்பத்தில் அவள் என்னிடம் சரியாகப் பேசவில்லை. வலிக்கும்போது என்னைத்தான் திட்டினாள், வாங்கிக்கொண்டேன். பயிற்சி முடிந்ததும் அறுத்த வயலுக்கு என்னைக் கூட்டிப்போவாள், நடவு தொடங்கியபின் ஊர்த் திடலுக்கு. குச்சியை ஊன்றி ஓரமாக நின்றுகொண்டு, நான் ஓடும்போது "நில்லு!" என்று கத்துவாள். முதல் மாதம் நான்கைந்து எட்டு தள்ளிப்போய்த்தான் நின்றேன். எட்டாவது மாதம் ஒரே எட்டில் நின்றேன். அவள் கைதட்டவில்லை, "இப்பவாவது வந்துச்சே" என்றாள்.

அடுத்த வருடத்தின் கடைசியில் அவள் மறுபடி ஆட வந்தாள். வேறொரு அணி அவளை எடுத்தது. இரண்டு சீசன் ஆடினாள். நான் அந்த அளவுக்கு எப்போதும் வரவில்லை. மாவட்ட அளவில் ஆடும் ஒரு சுமாரான கபடிக்காரி ஆனேன், அவ்வளவுதான். இப்போது திருவாரூர் பக்கம் ஒரு பள்ளியில் விளையாட்டு ஆசிரியை.

ஒன்றில் கெட்டிக்காரியாக இருப்பவள் இன்னொன்றுக்கு வரும்போது வெறுங்கையோடு வருவதில்லை, யோசிப்பதற்கு முன்பே பதில் சொல்லிவிடும் ஓர் உடம்பையும் கூட்டிக்கொண்டு வருகிறாள். ஒரு துறையில் பெயரெடுத்தவர் வேறு ஏதோ சின்ன வேலையில் தடுமாறுவதைப் பார்த்து யாராவது சிரித்தால், எனக்குச் சிரிப்பு வருவதில்லை. இத்தனை வருடமாக அவர் உடம்பு எதற்குப் பழகியிருக்கிறது என்று அவரிடமே போய்க் கேட்கத்தான் தோன்றுகிறது.