எங்கள் கோச்சியைக் காப்பாற்றிய நாள்

எங்கள் ஊர் ரயில் நிலையம் ஒரு தகரக் கொட்டகையும் உட்கார ஒரு மர வாங்கும்தான். சுதந்திரத்துக்குப் பிறகு அங்கே நடந்த ஒரே மாற்றம், அந்த வாங்கின் கால் ஒன்று முறிந்தது. காலை ரயிலில் நாள்தோறும் ஏறியவர் என் அம்மா ஒருவர்தான். மீன் கடகப் பெட்டியோடு முருங்கன் ஊருக்குப் போய், வயல்காரர் வீடுகளில் விற்றுவிட்டுப் பின்னேர ரயிலில் திரும்புவார். எங்கள் வீட்டில் அடுப்பு எரிந்தது அதனால்தான். ஊரில் மற்றவர்களுக்கு ரயில் நேரம் பார்க்க உதவியது.

ஆள் ஏறாத நிலையத்தை மூடப்போகிறார்கள், நேரில் பார்க்கக் கொழும்பிலிருந்து ஒரு அதிகாரி வருகிறார் என்று தெரிந்ததும் ஊருக்கு ரோசம் பொத்துக்கொண்டு வந்தது. தேவாலயத்தில் ஞாயிறு பூசை முடிவில் சுவாமியார் அறிவித்தார்.

"நாளைக்கு ஒருத்தரும் வீட்டில நிக்கக்கூடாது. எல்லாரும் கோச்சியில ஏறோணும்."

ஏறினார்கள். திருநாள் சேலையும் காலில் மினுக்கிய சப்பாத்துமாக வந்து, அடுத்த நிலையத்துக்கு மட்டும் ரிக்கெற் எடுத்தார்கள். அங்கிருந்து நடந்து வந்துவிடலாமாம். முண்டியடித்து ஏறியவர்கள் யன்னலால் கையும் காட்டினார்கள். யாருக்கு என்று கேட்டால் அவர்களுக்கே தெரியாது.

அம்மாவுக்கு இடம் கிடைக்கவில்லை. கடகத்தைத் தூக்கிக் கொடுக்க நான் குனிந்தபோது, வாசலை அடைத்து நின்ற ஊர்ச் சங்கத் தலைவர், "அக்கா, மீன் வெடுக்கு உடுப்பில பிடிக்கும். நாளைக்குப் போங்கோவன்" என்றார். ரயில் போய்விட்டது.

மேடையில் மிஞ்சியது நாங்கள் இருவரும், கடைசிப் பெட்டியிலிருந்து இறங்கிய அந்த அதிகாரியும். அவர் முகமெல்லாம் சிரிப்பு.

"நல்ல சனம் ஏறுதே! நீங்கள் ஏனம்மா ஏறேல்லை?"

அம்மாவுக்குக் கோபம் வந்தால் சுவாமியாரே ஒதுங்கி நிற்பார்.

"நான் ஒருத்திதான் ஐயா ஒவ்வொரு நாளும் ஏறுறனான். இண்டைக்கு ஏறினதுகள் உங்களுக்குப் படம் காட்ட ஏறினதுகள். நாறப்போற என்ர மீனுக்கு ஆர் பதில் சொல்லுறது?"

நிலையத்தை மூடிவிட்டார்கள். ஊர் கூடி அழுதது, அம்மாவோடு பேச்சையும் நிறுத்தியது. எனக்கும் அவர்மேல் ஆத்திரம்தான்.

அதற்குப் பிறகு பஸ் பிடிக்க அம்மாவுக்கும் எனக்கும் பெரிய தெருவரை வெயிலில் நடை. ஒருநாள் பொறுக்க முடியாமல் கேட்டேன்.

"அண்டைக்கு வாயைப் பொத்திக்கொண்டு இருந்திருக்கலாமே அம்மா?"

அவர் தலையில் சும்மாட்டைச் சரிசெய்தார்.

"கோச்சி இல்லாமல் போயிட்டுதெண்டு அழுத சனத்தில ஒராளெண்டாலும் இந்த வழியில நடக்குதோ, திரும்பிப் பார்."

பார்த்தேன். பின்னால் இரண்டு கழுதைகள் மட்டும் வந்துகொண்டிருந்தன.