உறையாத பால்

தொண்ணூறுகளின் நடுவில், அன்னூர்ப் பக்கம் நான்கு கலப்பினப் பசுக்கள் வைத்திருந்தேன். ஒன்றுக்கு மடிநோய் வந்தது. ஊசி போட்ட மாட்டு டாக்டர், "மருந்து பால்ல இறங்கும், நாலு நாளைக்கு இந்தப் பாலை யாருக்கும் ஊத்தாதீங்க" என்றார். பால் வெள்ளையாகத்தானே இருக்கிறது என்று மறுநாளே மற்றப் பாலோடு கலந்துவிட்டேன்.

எங்களிடம் பால் வாங்கும் ஓட்டல்காரர் காசிம் பாய் வந்தார். "ஏனுங்க அம்மணி, மாட்டுக்கு ஊசி ஏதாச்சும் போட்டீங்களா? தயிர் உறையவே மாட்டேங்குதுங்க."

"இல்லீங்களே" என்று சொல்லிவிட்டேன்.

அடுத்த நாளும் வந்தார். "சட்டியெல்லாம் சுடுதண்ணி ஊத்திக் கழுவியாச்சுங்க. உறை மோரும் மாத்தியாச்சு. சம்சாரத்தை வேற வைதுபோட்டேன். உங்க பாலைச் சந்தேகப்பட்டது என் தப்புத்தானுங்க."

அந்த அம்மா வாங்கிய வசவு எனக்குச் சேர வேண்டியது. அன்று கறந்த பால் கேனை அவர் கண்ணெதிரே தென்னைமரத்தடியில் கவிழ்த்தேன். "ஊசி போட்டிருந்துச்சுங்க. நாலு நாளைக்கு ஊத்த வேண்டாம்னு டாக்டர் சொல்லியிருந்தாரு. நான் சொன்னது பொய்."

அவர், "மாடு இப்பத் தேவலைங்களா?" என்று மட்டும் கேட்டார். போகும்போது, "நாலு நாள் கழிச்சு வாரேனுங்க" என்றார். சொன்னபடி வந்தார்.

அதிலிருந்து, ஊசி போட்ட மாட்டின் கழுத்தில் சிவப்புக் கயிறு கட்டிவிடுவேன். டாக்டர் சொன்ன நாள் முடியும்வரை அவிழ்ப்பதில்லை; அதன் பால் தென்னைக்குத்தான். கண்ணு படக்கூடாதென்று கட்டியதா என்று ஊரில் கேட்பார்கள்.

"மாட்டுக்குக் கட்டுனதில்லீங்க," என்பேன். "என் கைக்குக் கட்டுனது."