பாரீஸுக்கு ஒரு பகல், ஒரு ராத்திரி

வியட்நாமின் சைகோனில் போர் முடிய இன்னும் சில மாதங்களே இருந்த சமயம் அது. பென் தான் என்கிற பெரிய சந்தைக்குப் பின்னால் ஒரு மாடி வீட்டில் குடியிருந்தோம். என் கணவருக்கு ஜவுளிக் கடையில் வேலை. அடுத்த வீட்டுக்காரியும் என்னைப் போலக் காரைக்கால்தான். அவள் கணவர் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். பிரெஞ்சுக்காரர்களிடம் இருந்த நம் ஊர் இந்தியாவோடு சேர்ந்தபோது பிரெஞ்சுக் குடியுரிமை கேட்டுக் கையெழுத்துப் போட்டுவிட்டார். என் வீட்டுக்காரர் போடவில்லை. அந்த ஒரு கையெழுத்தில் அவர்களுக்குப் பாரீஸ் விமானம் கிடைத்தது. நாங்கள் எப்போது, எதில் ஊர் போய்ச் சேருவோம் என்றே தெரியாது.

அவள் சும்மா இருப்பாளா? "பத்தாயிரம் கிலோமீட்டராம்க்கா! ஒரு பகலு, ஒரு ராத்திரி ஆகாசத்துலயே இருப்போமாம். தட்டுல வச்சு சாப்பாடு வருமாம். மெட்ராஸுக்குக் கப்பல்ல எத்தன நாளுக்கா ஆவும்?" தினமும் இதே பாட்டு. சிரித்துக்கொண்டே கேட்பேன், வயிறு எரியும்.

விமானம் வெள்ளிக்கிழமை, சரியாக ராகு காலத்தில். அதனால் முதல் நாளே நல்ல நேரம் பார்த்து எங்கள் வீட்டில் பரஸ்தானம் வைத்தாள். பயண மூட்டை ஒன்றை இப்படி வேறு வீட்டில் வைத்துவிட்டால் பயணம் அப்போதே தொடங்கியதாக அர்த்தம். கிளம்பும்போது மறக்காமல் எடுத்துக்கொண்டு போக வேண்டும்.

மறுநாள் காலை, வழியில் சாலையை மூடப்போகிறார்கள் என்று செய்தி வந்து, கார் ஒரு மணி நேரம் முன்னதாகவே வந்து நின்றது. ஒரே கூச்சல். பிள்ளைகளை இழுத்துக்கொண்டு ஓடினார்கள். மூட்டை என் சாமி அலமாரிக்குக் கீழேயே கிடந்தது. மாடியிலிருந்து ஒரு குரல் கொடுத்திருந்தால் போதும். கொடுக்கவில்லை. சகுனம் கெட்டால் கெடட்டுமே என்றுதான் நினைத்தேன்.

கால் மணி நேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு, நல்ல புடவை ஏதாவது இருக்குமா என்று அவிழ்த்தேன். ஒரு படி அரிசி, விரலி மஞ்சள், அதற்கு மேல் ஐந்து மஞ்சள் அட்டைப் புத்தகங்கள். குடும்பத்துக்கே அம்மை ஊசி போட்ட அத்தாட்சி. அது இல்லாமல் விமானத்தில் ஏற்ற மாட்டார்கள். பயணத்துக்கு நிஜமாகவே வேண்டியதை வைத்தால்தான் பலிக்கும் என்று முதல் நாள் அவள் சொன்னது அப்போதுதான் உறைத்தது. மூன்று பிள்ளைகள். குண்டு விழுகிற ஊரில் என்னால் மாட்டிக்கொள்வார்களே என்று மூட்டையைத் திரும்பக் கட்டி எடுத்துக்கொண்டு தெருவுக்கு வந்தேன்.

சிக்ளோ என்கிற சைக்கிள் ரிக்‌ஷா ஒன்றைப் பிடித்தேன். விமான நிலையம் ஏழே கிலோமீட்டர்தான். பாதி வழியில் ராணுவம் வண்டிகளை மறித்துவிட்டது. இறங்கி, புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடினேன். போய்ச் சேர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. அவள் தரையில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். அவள் கணவர் அதிகாரியிடம் கெஞ்சிக்கொண்டிருந்தார்.

என்னைப் பார்த்ததும் பாய்ந்து வந்து கட்டிக்கொண்டு, பிரெஞ்சும் தமிழுமாக நன்றி சொன்னாள். "மெர்சிக்கா! பாத்த ஒடனே ஓடியாந்துட்டீங்களே!"

மூட்டையைப் பிரித்துப் புத்தகங்களை அதிகாரியிடம் நீட்டினேன்; அவர்கள் விமானம் ஏறினார்கள்.

பின்னால் நாங்களும் ஊர் வந்து சேர்ந்தோம். பாரீஸிலிருந்து வருஷா வருஷம் அவள் கடிதம் வருகிறது. நான் ஓடிவந்த கதையைப் பேரப்பிள்ளைகளுக்கெல்லாம் சொல்லி வைத்திருக்கிறாளாம். கூடவே அவர்கள் வீட்டுப் படங்களும் வரும். பார்த்தால் இன்றைக்கும் லேசாக வயிறு எரியத்தான் செய்கிறது. உடனே அவளிடம் இன்றுவரை சொல்லாத அந்தக் கால் மணி நேரம் நினைவுக்கு வந்து, மற்ற வேலையெல்லாம் போட்டுவிட்டு அவளுக்குப் பதில் எழுத உட்கார்ந்துவிடுகிறேன்.