தண்ணீர் இல்லாத சமன்பாடு

ஆரல்வாய்மொழியில், காற்றாலை இறக்கை ஏற்றிய லாரிக்கு வழிவிட்டுப் பேருந்து நின்றிருந்தபோது ஆன்றணி அழைத்தான். ஸ்டெல்லாவின் தம்பி.

"அக்கா போயிட்டா மக்கா."

காலையில் தலைவலி என்று படுத்திருக்கிறார். மூளையில் ரத்தக்கசிவு. லாரி வளைவைத் தாண்டுவதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஸ்டெல்லா எங்கள் கல்லூரியில் இயற்பியல் நடத்தினார். நான் கணிதம். அவரை அறிந்தவர்களுக்கு அவருடைய உரத்த சிரிப்பு நினைவிருக்கும். எனக்கு அவர் பலகையில் எழுதிய ஒரு வரி. ஆழ்கடலில் அலை ஓடும் வேகத்துக்கும், ஓர் அலைக்கும் அடுத்த அலைக்கும் இடைப்பட்ட நேரத்துக்கும் உள்ள உறவு.

"இதுல என்ன இல்லன்னு சொல்லு பாப்போம்," என்றார்.

வேகம் இருந்தது. நேரம் இருந்தது. புவியீர்ப்பு இருந்தது. எனக்குப் பிடிபடவில்லை.

"தண்ணி. கடலப் பத்துன சமன்பாடு, தண்ணியோட கனம் எங்கயுமில்ல. ரெண்டு பக்கமும் அடிபட்டுப் போச்சு."

அழகாக இருக்கிறது என்றேன்.

"அழகுதான். அதுல நமக்கும் எடமில்ல பாத்தியா?"

இடைவெளி நீண்ட அலைகள் விரைந்து ஓடும். எங்கோ தெற்கே புயல் அடித்தால் முதலில் வந்து சேர்பவை அவைதான். தாழ்வாக, நிதானமாக. இங்கே காற்றிருக்காது, வானம் தெளிந்திருக்கும். பெரிய அலைகள் பின்னால் வந்துகொண்டிருக்கும். எங்கள் கரையில் அதைக் கள்ளக்கடல் என்பார்கள்.

சென்ற ஆண்டு, தேங்காய்ப்பட்டணத்துக்கு அருகே அவருடைய ஊரில் திருவிழா. தேர் நாள் மாலையில் கரையில் நின்றிருந்தோம். கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி அலைகளை எண்ணிக்கொண்டிருந்தவர் சட்டென்று திரும்பினார்.

"வள்ளத்தயெல்லாம் மேல ஏத்துங்க. விடியதுக்குள்ள கடலு ஏறும்."

சீட்டாடிக்கொண்டிருந்தவர்கள் சிரித்தார்கள். "ஏட்டி, காத்தே இல்ல. கடலு ஒனக்குப் போன் போட்டுச் சொல்லிச்சா?"

ஆன்றணி மட்டும் எழுந்து தன் படகை மேட்டுக்கு இழுத்தான். அவனும் சிரித்துக்கொண்டுதான்.

விடியுமுன் வந்தது. அவன் வள்ளம் தப்பியது. மற்றவை சுவர்களில் மோதி உடைந்தன. முதல் வரிசை வீடுகளுக்குள் மணல்.

அதன்பிறகு கேலி வேறு பக்கம் திரும்பியது. "ஸ்டெல்லா வாரா, எண்ண விடாதீங்கலே. எண்ணினா ஏறும்." சில வாரங்களில் அது கேலியாக இல்லாமல் போனது. ஒருநாள் வள்ளம் இறக்கும் நேரத்தில் ரோசம்மாள் மாமி வழிமறித்தார். பக்கத்து வீட்டுக்காரர், சிறுவயதில் ஸ்டெல்லாவுக்குத் தலைவாரி விட்டவர்.

"நீ வீட்டுக்குப் போ மோளே. ஆம்பிளையள் கடலுக்குப் போணும்."

ஸ்டெல்லா ஊரைவிட்டே போய்விட்டார். கோட்டாற்றில் வாடகை வீடு. அந்தக் கரைக்கு மறுபடி வரவில்லை. எதையும் முன்கூட்டிச் சொல்லவும் இல்லை.

ஒருநாள் கேட்டார்: "தப்பா இருந்தா திருத்தலாம். சரியா இருந்தா என்ன செய்யது மக்கா?"



அடக்கம் சொந்த ஊரில்தான். கல்லறைத் தோட்டத்திலிருந்து கடல் தெரியும். மண் போட்டு முடித்தோம். அலை ஒன்று மெல்ல எழுந்து, கரையேறி, இறங்கியது. அடுத்தது வர நேரமாயிற்று. அதற்கடுத்ததற்கும். என் உதடு அசைந்திருக்க வேண்டும். ரோசம்மாள் மாமி அருகே வந்தார்.

"நீயும் எண்ணுவியா?"

சுற்றி நின்றவர்கள் திரும்பினார்கள். இல்லை என்று சொல்லியிருக்கலாம். எனக்கு அங்கே வீடில்லை, வள்ளமில்லை.

ஸ்டெல்லாவிடமிருந்து என்னிடம் இருப்பவை இரண்டு. அந்த ஒரு வரி. அதை உரக்கச் சொல்பவருக்கு என்ன நேரும் என்ற அறிவு.

"ஆமா," என்றேன். "வள்ளத்த ஏத்தச் சொல்லுங்க."

இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. ஆண்கள் ஒவ்வொருவராகக் கரைக்கு இறங்கினார்கள். ரோசம்மாள் மாமி நகரவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.