சிங் என்று பின்னியிருந்த சட்டை

பெங்களூரில் முன்பின் தெரியாதவர்கள் என்னைக் கைப்பேசியில் அழைத்தால் இந்தியில்தான் தொடங்குகிறார்கள். பார்சல் கொண்டுவருபவர், சிலிண்டர் போடுபவர், கடன் அட்டை விற்கும் பெண் என்று யாராக இருந்தாலும், நான் ஹலோ சொல்வதற்கு முன்பே என் பெயரைப் படித்து மொழியை முடிவு செய்துவிடுகிறார்கள். "சிங் ஜி? ஆப் கஹான் ஹோ?" எங்கே இருக்கிறீர்கள் என்பதுதான் கேள்வி. ஒக்கலிபுரத்தில், ரயில் பாதையை ஒட்டிய சந்தில், இரண்டாம் மாடியில் இருக்கிறேன். அதை இந்தியில் சொல்ல எனக்கு வராது. கன்னடத்தில் சொன்னால் எதிர்முனை ஒரு கணம் அமைதியாகிறது. தமிழில் சொன்னால் தப்பான எண் என்று நினைத்து வைத்துவிடுகிறார்கள்.

நான் ஆரணிக்காரன். செஞ்சிக் கோட்டைக் காலத்தில் எங்கள் முன்னோர் வடக்கிலிருந்து குதிரைகளோடு வந்தவர்கள் என்று வீட்டில் ஒரு கதை உண்டு. குதிரைகள் என்ன ஆயின என்று யாருக்கும் தெரியாது. அந்த மொழியும் போய்விட்டது. பெயரின் பின்பாதி மட்டும் ரேஷன் கார்டில் தங்கிவிட்டது. ஆரணியில் எங்கள் வீடு 'சிங்கு வீடு'. அப்பாவின் சைக்கிள் கடை, ஆடி மாதம் கூழ் ஊற்றும்போது அண்டா இரவல் கொடுக்கும் வாசல், இவற்றைத் தவிர அந்தச் சொல்லுக்கு அங்கே வேறு பொருள் இல்லை. வேலூரில் கல்லூரியில் சேர்ந்தபோது தலைப்பாகை எங்கே என்று கேட்டார்கள். மாநில எல்லையான அத்திபெலேயைத் தாண்டி இந்த ஊருக்கு வந்த பிறகு பொருள்கள் பெருகின. வங்கியில் நான் பஞ்சாபி, ஆட்டோவில் பீகாரி. நான் முடி வெட்டிக்கொள்ளும் கடையில் கத்தரி பிடிப்பவரும் ஒரு சிங்தான், மணிப்பூர்க்காரர். அவரை எல்லோரும் நேபாளி என்கிறார்கள். முதன்முதலில் வாடகைக்கு வீடு பார்த்தபோது, வீட்டுக்காரர் ஆதாரைப் பார்த்துவிட்டு வடக்கத்தியர்களுக்குக் கொடுப்பதில்லை என்றார். நான் தமிழன் என்று சொல்லித் தமிழிலேயே பேசிக் காட்டினேன். அவர் இன்னும் உஷாரானார். "சிங் அந்தீரா, தமிளு மாத்தாட்தீரா. யாவுது நிஜ?" என்று கேட்டார். சிங் என்கிறீர்கள், தமிழ் பேசுகிறீர்கள், இதில் எது உண்மை என்று அவருக்குத் தெரிய வேண்டும். வீடு கிடைக்கவில்லை.

அந்தப் பெயர் என்னை ஒருமுறை காப்பாற்றியதையும் சொல்ல வேண்டும். தண்ணீர்த் தகராறு முற்றியிருந்த ஒரு சாயங்காலம், மைசூர் ரோட்டில் பஸ்ஸை மறித்து ஏறிய நான்கு பேர் ஒவ்வொருவரிடமும் பெயர் கேட்டுக்கொண்டே வந்தார்கள். எனக்கு முன் சீட்டில் இருந்தவர் தன் பெயரைச் சொன்னார். அந்தத் தமிழ்ப் பெயர் போதுமானதாக இருந்தது, கீழே இறக்கினார்கள். என்னிடம் வந்ததும் "சிங்" என்றேன். அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை. ஒருவன் சிரித்துக்கொண்டே, "ஹிந்திவாலா, கூத்கோ," என்று தோளைத் தட்டி என்னை உட்காரச் சொன்னான். முன் சீட்டுக்காரர் அறை வாங்குவதை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அவர் கையில் ஒரு டிபன் கேரியர் இருந்தது. அதைக் கீழே போடாமலே அடி வாங்கினார்.

ஒரு தமிழ் நாளிதழின் பெங்களூர்ப் பதிப்பில் உதவி ஆசிரியராக இருக்கிறேன். நகரப் பக்கம் என் பொறுப்பு. போலீஸ் நிலையங்களிலிருந்து கன்னடத்தில் குறிப்புகள் வரும். அவற்றில் அடையாளம் தெரியாத பிணங்களும் இருக்கும். எல்லாவற்றையும் போட இடம் இருக்காது. எங்களிடம் எழுதி வைக்காத ஒரு விதி உண்டு. நம் வாசகர் வீட்டு ஆளாக இருக்கலாம் என்று தோன்றினால் போட வேண்டும், இல்லையென்றால் விட்டுவிடலாம். இந்த ஆண்டு வெயில் காலத்தில் ஒரு குறிப்பு வந்தது. ஆண், வயது சுமார் நாற்பத்தைந்து, மாநிறம், வலது முன்கையில் தேள் உருவம் பச்சை குத்தியிருக்கிறது, பழுப்பு நிறக் காவலாளிச் சட்டை, நெஞ்சில் ஆங்கிலத்தில் 'சிங்' என்று நூலால் பின்னியிருக்கிறது. பஸ் நிறுத்தத்தில் மயங்கி விழுந்தவர், ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் இறந்துவிட்டார். பையில் கைப்பேசியோ அட்டையோ இல்லை. காவலாளிகளை அனுப்பும் நிறுவனத்தில் விசாரித்ததில், சிங் என்பவர் வேலையை விட்டுப் பீகாருக்குப் போய்விட்டார் என்றார்கள். அவர் போகவில்லை போலிருக்கிறது என்று முடிவு செய்து, பீகாருக்குத் தகவல் அனுப்பியிருந்தது போலீஸ்.

படித்தேன். வடக்கத்தி ஆள் என்று ஒதுக்கினேன். அரை நிமிடம்கூட ஆகியிருக்காது.

எட்டு நாள் கழித்து, ஒரு பகல் வேளையில், வரவேற்பில் இருந்த பெண் ஒரு அம்மாவை என் மேசைக்கு அனுப்பினார். 'காணவில்லை' அறிவிப்பு கொடுக்க வந்தவர். பெயர் அமுதா. ஜீவனஹள்ளியில் இருக்கிறார். காக்ஸ் டவுனில் இரண்டு வீடுகளில் சமையல் வேலை. கையில் கணவர் செல்வராஜின் பாஸ்போர்ட் அளவுப் படமும், போலீசில் கொடுத்த புகாரின் நகலும் இருந்தன.

"மொத ரெண்டு நாள் தேடவே இல்ல சார். டபுள் டூட்டின்னா அங்கியே படுத்துப்பாங்களாம், அவரே சொன்னாரு. போனும் ரிப்பேருக்குக் குடுத்திருந்தாரு. மூணாம் நாளு போலீசுக்குப் போனா, இந்த ஸ்டேஷன் இல்ல, அந்த ஸ்டேஷன்னு ஓட விட்டாங்க."

"எந்த கம்பெனில டூட்டி?"

"புது வேல சார். சேந்து நாலு நாள்தான். ஆதார் ஜெராக்ஸ்கூட இன்னும் குடுக்கல. கம்பெனி பேரு என்னான்னு கேட்டேன். சட்டைல போட்டிருக்கு பாருடின்னாரு. சட்டையத்தான் போட்டுட்டுப் போய்ட்டாரே."

அடையாளம் கேட்டேன். வலது கையில் தேள் என்றார். சிறுவயதில் திருவிழாவில் குத்திக்கொண்டதாம். பேனாவைக் கீழே வைத்தேன்.

"சட்டைல வேற ஏதாவது எழுதியிருந்ததாம்மா?"

"பேரு இருந்துச்சு சார். அவரு பேரு இல்ல. முன்னாடி வேல செஞ்ச ஆளோட சட்டை, அதையே இவருக்குக் குடுத்துட்டாங்க. நான் பிளேடு வெச்சுப் பிரிக்கப் பாத்தேன். நெருக்கமாப் பின்னியிருந்துச்சு, துணி கிழிஞ்சிடும்போல இருந்துச்சு. உடு அமுதா, இன்னைலேந்து நான் சிங்குன்னு சிரிச்சாரு. நானும் நாலு நாளா, சிங்கு எழுந்திரு, சிங்கு சாப்புட வான்னு கலாட்டா பண்ணிட்டிருந்தேன்."

இதைச் சொல்லும்போது அவரும் லேசாகச் சிரித்தார். அந்தச் சிரிப்பு முடிவதற்குள் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தேன். என்னால் முடியவில்லை. "வாங்க, ஒரு ஸ்டேஷனுக்குப் போயிட்டு வந்துடலாம்" என்று மட்டும் சொன்னேன். அவர் பையை எடுத்துக்கொண்டு எழுந்து வந்தார். ஆட்டோவில் பாதி வழியில், என்னிடம் என்று இல்லாமல், "மொகத்தை ஒரு தடவ பாத்துட்டாப் போதும்," என்றார். அவருக்குப் புரிந்துவிட்டது.

நிலையத்தில் தலைமைக் காவலர் என் அடையாள அட்டையை வாங்கிப் படித்தார். கடைசிச் சொல்லில் அவர் கண் நின்றது. முகம் இளகிவிட்டது. "கொனேகூ பந்த்ரல்லா. நீவு அவர கடெயவரா?" என்றார். கடைசியில் வந்தீர்களே, நீங்கள் அவருக்குச் சொந்தமா என்று கேட்கிறார். சிங்கைத் தேடி ஒரு சிங் வந்திருப்பதில் அவருக்கு நிஜமான நிம்மதி. நான் இல்லை என்று சொல்லி, இவர்தான் மனைவி என்று அமுதாவைக் காட்டினேன். அவர் அமுதாவின் மூக்குத்தியையும் கையில் இருந்த மஞ்சள் பையையும் பார்த்தார். "சிங் ஹெண்டதி தமிளா?" என்றார்.

அமுதா வீட்டில் தமிழும் வேலைக்குப் போகும் இடத்தில் கன்னடமும் பேசுகிறவர். சிங்கின் பெண்டாட்டி தமிழா என்ற கேள்வி அவருக்கு நன்றாகவே புரிந்தது. "அவுரு சிங் அல்ல சார்," என்று கன்னடத்தில் தொடங்கி, என் பக்கம் திரும்பித் தமிழில் முடித்தார். "எங்க வூட்டுக்காரரு."

கோப்பிலிருந்து படத்தை எடுத்துக் காட்டினார்கள். மார்பு வரை தெரியும் படம். அமுதா முகத்தைப் பார்த்தார். பிறகு விரலை வைத்துச் சட்டையின் மேல் பட்டனைத் தொட்டார். மற்றப் பட்டன்களில் பழுப்பு நூல், அதில் மட்டும் வெள்ளை நூல். "இது நான் தெச்சது," என்றார். உடல் எங்கே என்று கேட்டார். யாரும் வராததால் நான்கு நாள் முன்பு புதைத்துவிட்டதாகக் காவலர் சொன்னார். எல்லா ஊருக்கும் தகவல் கொடுத்தோம், எல்லாப் பத்திரிகைக்கும் கொடுத்தோம் என்று தன் பக்கத்தையும் சொன்னார். அதில் பொய் இல்லை.

அமுதா என்னைப் பார்த்தார். "உங்க பேப்பருக்கும் வந்துச்சா சார்?"

"வந்துச்சும்மா."

"எங்க சந்து டீக்கடைல உங்க பேப்பர்தான். ஒரு வாரத்துக்கு மேலா கடைசிப் பக்கம் வரைக்கும் பாத்தேனே."

"எடம் இல்லாமப் போச்சு," என்றேன்.

"சின்னதாத்தான சார் போடுவீங்க?" என்றார். குற்றம் சாட்டும் குரல் அதில் இல்லை. நிஜமாகவே அளவைக் கேட்டார்.

மறுநாள் அந்தத் தேதியின் பக்கத்தை எடுத்துப் பார்த்தேன். குறிப்பு போயிருக்க வேண்டிய இடத்தில் பலாப்பழக் கண்காட்சியின் படம் இருந்தது. நான்கு பத்தி அகலம். ஒரு பத்தியை வெட்டியிருந்தாலும் பழங்களுக்குக் குறை வந்திருக்காது. அது அச்சாகியிருந்தால் அமுதாவுக்கு முழுதாக மூன்று நாள் கிடைத்திருக்கும். தேளைப் படித்ததும் தெரிந்துகொண்டிருப்பார். நான் தேளைப் படிக்கவில்லை. பெயரைப் படித்தேன். வீட்டுக்காரரும் பஸ்ஸில் ஏறிய நால்வரும் அதைத்தான் செய்தார்கள். ஆரணியில் சிங்கு வீட்டில் பிறந்து, இந்தப் பெயரை வைத்து ஒரு ஆளைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது என்பதை அனுபவித்தே தெரிந்துகொண்டவன் நான். ஊரில் இருந்து இதைப் படிக்கிறவர்கள், இங்கே வந்து பெயரால் அல்லல்படும் நம் ஆட்களில் ஒருவன் என்று என்னைக் கணக்கில் சேர்க்கும் முன் இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இடுகாட்டுக்கும் அமுதாவோடு போனேன். அங்கே வேலை பார்ப்பவர் தமிழர். ஓரத்து மூலையில் புது மண் மேட்டில் செருகியிருந்த நம்பர் தகட்டைக் காட்டினார். "இதான்கா சிங்கு."

"சிங்கு இல்லப்பா. செல்வராஜ். புக்குல மாத்தி எழுதிடு," என்றார் அமுதா.

"நான் கை வெக்கக் கூடாதுக்கா. ஸ்டேஷன்லேந்து லெட்டர் வரணும், அப்புறம் ஆபீஸ்லேந்து ஆர்டர் வரணும். அது வர்ற வரைக்கும் புக்குல சிங்குதான்."

"அப்ப அது வரைக்கும் நான் யாரு பொண்டாட்டி?"

அவர் சாய்ந்திருந்த தகட்டை நிமிர்த்தி வைத்தார். தோண்டிப் பார்க்க முடியுமா என்று அமுதா கேட்டார். மிக மெதுவாகக் கேட்டார். "வேணாம்கா," என்றார் அவர். "வெயில் காலம். போட்டோல பாத்த மொகமே இருக்கட்டும்." அமுதா தலையாட்டினார். மஞ்சள் பையிலிருந்து செவ்வந்திப் பூவை எடுத்து மேட்டில் வைத்தார். குனிந்தவர் நிமிரவில்லை.

அப்போது என் கைப்பேசி ஒலித்தது. அணைக்கப் போன விரல் எங்கேயோ பட்டு, குரல் வெளியே சத்தமாகக் கேட்டது. "சிங் ஜி? ஆப் கஹான் ஹோ?"

இடுகாட்டுக்காரர் சட்டென்று மேட்டைப் பார்த்தார். அமுதாவும் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பி, "உங்களத்தான் சார் கூப்புடறாங்க," என்றார்.

"இங்கதான் இருக்கேன்," என்றேன். தமிழில்தான் வந்தது. பார்சல்காரருக்குப் புரியவில்லை. மறுபடியும் அதையே கேட்டார்.